குஞ்சம்மாள் சேர்த்த வெள்ளை வேட்டிகள்

2022ஆம் ஆண்டு, ஐப்பசி அடைமழைக் காலம். தீபலட்சுமி குஞ்சம்மாளை முதன்முதலாகச் சந்தித்தது அப்போதுதான். சந்தித்தாள் என்று சொல்வதைவிட, அவரிடம் வசமாக மாட்டிக்கொண்டாள் என்று சொல்வதே பொருந்தும்.

சாரம் என்ற பகுதியில், முன்பு மரக்கடையின் கிடங்காக இருந்த ஒரு கொட்டகையைத் தீபலட்சுமி அந்த மாதந்தான் வாடகைக்குப் பிடித்திருந்தாள். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளராக வேலை பார்த்தவள் அவள். வெட்டுத்துணி மலைமலையாகக் குப்பைக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல், பழைய துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, பஞ்சை நூலாக்கி, நூலை மறுபடியும் துணியாக்குவது என்ற எண்ணத்தோடு சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தாள். கொட்டகையில் அப்போது இருந்தவை துணி கிழிக்கும் பழைய இயந்திரம் ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, கூரையிலிருந்து ஒழுகும் நீரைப் பிடிக்க ஒரு வாளி. அவ்வளவுதான்.

அந்த மழையில் ஒரு மொபெட் தடதடவென்று வந்து கொட்டகை வாசலில் நின்றது. அதன் முன்பக்கம் எவர்சில்வர் குடங்களும் தூக்குகளும் குண்டான்களும் தொங்கின. பின்பக்கம் ஆளுயர மூட்டைகள். நடுவில், நனைந்த நிலையிலும் கஞ்சி போட்ட மிடுக்குக் குறையாத புடவையில் ஐம்பது வயது கடந்த ஒரு பெண்மணி.

"வண்டிய உள்ள உட்டுக்கறேம்மா" என்றார் அவர். அது அனுமதி கேட்கும் குரலாக இல்லை. தகவல் சொல்லும் குரலாக இருந்தது.

மூட்டைகளில் பழைய துணி என்று தெரிந்ததும் தீபலட்சுமிக்குக் கை பரபரத்தது. கிழிந்த துணியை மட்டும் தனக்குக் கொடுப்பாரா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு சட்டையின் ஓரத்திலிருந்து இழையொன்றை உருவித் தீக்குச்சியைக் கிழித்தாள்.

"ஏய், ஏய்! இன்னா பண்ற நீ? யாரு துணிய யாரு கொளுத்தறது?"

"கொளுத்தலக்கா. பருத்தியா, பாலியஸ்டரான்னு பாக்கறேன். பருத்தின்னா காகிதம் எரிஞ்ச வாசனை வரும், சாம்பலா உதிரும். இது பாருங்க, உருகி மணி மாதிரி நிக்குது."

"அது சுத்தக் காட்டன்! குடுத்த ஊட்டம்மா சத்தியம் பண்ணிச்சி!"

"அப்ப அந்தச் சத்தியமும் உருகிடுச்சிக்கா."

குஞ்சம்மாள் ஒரு கணம் முறைத்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் வண்டியில் தொங்கிய குடங்கள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன.

குஞ்சம்மாளை முதலியார்பேட்டையில் தெரியாதவர்கள் குறைவு. ஆலைத் தொழிலாளியின் மகள் அவர். ஆலை மூடப்பட்டபின் அவர் தெருவினர் ஆளுக்கொரு வேலைக்குப் பிரிந்தபோது, அவர் பாத்திர வியாபாரத்தைக் கையில் எடுத்தார். பழைய துணியை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகப் பாத்திரம் கொடுக்கும் தொழில். ஒரு பட்டுப்புடவையைத் தொட்டுப் பார்த்தால் குடமா, தூக்கா என்று சொல்லிவிடுவார். மற்ற வியாபாரிகள் ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரலை ஓடவிட்டுத் தெருத்தெருவாகப் போன காலத்திலும் அவர் தம் தொண்டையையே நம்பினார். "ரெக்கார்டு கூவும். பேரம் பேசுமா?" என்பார்.

ஊரே கழித்த துணி அவர் கையில் புரண்டது. ஆனால், பிறர் உடுத்திய துணியை அவர் தம் உடம்பில் ஏற்றியதே இல்லை. அதில் அவருக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவர் அவர். அக்காள்மார் இருவரும் உடுத்திக் கழித்த பாவாடைதான் அவருக்கு வந்து சேரும். அவருக்கென்று கடையில் வாங்கி, ஓரத்தில் மஞ்சள் தடவிக் கையில் கொடுத்த முதல் துணி அவருடைய கல்யாணப் புடவைதான். அன்றிலிருந்து, தீபாவளியோ பொங்கலோ, சாதாரண வாயில் புடவையே ஆனாலும் புதிதாக வாங்கி, ஓரத்தில் மஞ்சள் வைத்தே உடுத்துவார்.

ஆகவே, தீபலட்சுமி தன் திட்டத்தை விளக்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்தது.

"பழைய துணியக் கிழிச்சிப் புதுத்துணி பண்ணுவேன்றே. சரி. அதுக்கு ஓரத்துல மஞ்சள் வைப்பியா?"

"வைக்கலாமே அக்கா."

"நீ வைப்பே. உடுத்தறவங்க வைக்கணுமே!" என்று சொல்லிவிட்டு, மழை விட்டதும் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஆனால், மறுவாரமே ஒரு மூட்டைக் கிழிசலோடு திரும்பி வந்தார். அதன் பிறகு வருவதை நிறுத்தவில்லை.

முதல் ஓராண்டு முழுவதும் தீபலட்சுமி முட்டாத சுவர் இல்லை. பருத்தி என்று வந்த துணியில் பெரும்பகுதி கலப்பாக இருந்தது. கலப்பில்லாத சட்டையைக் கண்டுபிடித்தாலும், அதைத் தைத்த நூல் பாலியஸ்டராக இருந்தது. தையலையெல்லாம் வெட்டி நீக்கி, பொத்தான், பட்டை, காலருக்குள் ஒட்டியிருக்கும் விறைப்புத்துணி ஆகியவற்றையும் எடுத்தெறிந்தால், ஒரு சட்டையில் மிஞ்சுவது கைக்குட்டை அகலந்தான். லெக்கின்ஸின் இழுபடும் இழையோ இயந்திரத்தின் பற்களில் சுற்றிக்கொண்டு, கத்தியால் அறுத்தாலொழிய வராது. கிழியாத துணியைச் சந்தை வியாபாரிகள் எடுத்துக்கொண்டார்கள். கிழிந்ததை எண்ணெய் துடைக்க லேத்துப் பட்டறைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியதை வைத்துக்கொண்டு அவள் பஞ்சு செய்தாள்.

செய்த பஞ்சை நூற்பதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. எந்த நூற்பாலையின் வாசலை மிதித்தாலும் ஒரே பதில்தான்: "பழைய துணிப் பஞ்சா? ஒரு கலர் இழை மிஷின்ல ஒட்டிக்கிட்டாலும் அப்புறம் வர்ற வெள்ளை நூல்லயெல்லாம் புள்ளி புள்ளியா விழும். வேற இடம் பாருங்க."

அந்தக் கதவுகளில் ஒன்று 2023 மார்கழியில் சற்றே திறந்தது. திருபுவனை செல்லும் சாலையில் ஒரு சிறு நூற்பாலையில் பொறுப்பாளராக இருந்த இராமதாஸ் என்பவர், பொங்கல் விடுமுறைக்கு ஆலையை மூடும்முன் இயந்திரங்களை எல்லாம் திறந்து துடைப்பது வழக்கம் என்றும், துடைப்பதற்கு முந்தைய கடைசி ஓட்டத்தில் அவளுடைய பஞ்சை ஆலையின் புதுப் பஞ்சோடு கலந்து போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். எப்படியும் துடைக்கப்போகிற இயந்திரந்தானே! ஆனால், நிபந்தனைகளைக் கறாராகச் சொன்னார்.

"வெள்ளைப் பருத்தி மட்டுந்தான் வரணும். கலர் கூடாது, கலப்பு கூடாது. ஒரே ஒரு ஓட்டம். ஓடிச்சின்னா முதலாளிகிட்ட நானே பேசி, ஒவ்வொரு தடவை துடைக்கறப்பவும் உங்களுக்கு ஒரு ஓட்டம் வாங்கித் தரேன். சிக்கிக்கிச்சின்னா, அதோட உட்டுடணும்மா. சரியா?"

சரி என்றாள். வேறென்ன சொல்ல முடியும்? திருப்பூர் நிறுவனம் அவளுடைய பழைய இடத்தைப் பொங்கல்வரைதான் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. பஞ்சு நூலானால் கொட்டகை நிற்கும். ஆகாவிட்டால், தை பிறந்ததும் அவள் கொட்டகைச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திருப்பூர் பேருந்தில் ஏற வேண்டியதுதான். அந்த ஒற்றை ஓட்டத்தில் அவளுடைய எல்லாமே இருந்தது.

வெள்ளையாகவும் பருத்தியாகவும் தையலே இல்லாமலும் இருக்கும் துணி எது? வேட்டி! கரையை மட்டும் வெட்டி எறிந்தால் போதும். இந்த எண்ணம் தோன்றியதும் தீபலட்சுமி கைப்பேசியில் குஞ்சம்மாளை அழைத்து ஏறக்குறைய கூவினாள்.

"அக்கா, வேட்டி வேணும்! பழைய பருத்தி வேட்டி! எவ்வளவு கிடைச்சாலும் வேணும்!"

"எவ்வளவுன்னா? ஊரு ஆம்பளைங்களையெல்லாம் அவுக்கச் சொல்றியாடி?"

"போகி வருதேக்கா! வீட்டுக்கு வீடு பழைய துணியை வெளியில எடுப்பாங்களே!"

மறுமுனையில் மொபெட் உதைபடும் ஓசை கேட்டது.

அதற்கடுத்த பத்து நாள்களும் குஞ்சம்மாளின் குரல் தெருக்களை உலுக்கியது. "கொளுத்தினா கரி! குடுத்தா குண்டான்!" என்று அவர் கூவிய கூவலில், போகிக்கு எரிப்பதற்கென்று மூலையில் ஒதுக்கிய வேட்டிகளெல்லாம் வாசலுக்கு வந்தன. முதலியார்பேட்டையில் தொடங்கிச் சாரம் சுற்றி, புல்வார் எனப்படும் பழைய நகரப் பகுதிக்குள் பெரிய வீடுகளின் பின்கதவுகளைத் தட்டி, பிள்ளைச்சாவடிவரை போய் வந்தார். தீபலட்சுமி கற்றுக்கொடுத்தபடி ஒவ்வொரு வேட்டியிலும் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தே வாங்கினார். "குஞ்சம்மா, துணி வாங்க வந்தியா, சூனியம் வைக்க வந்தியா?" என்று வாடிக்கைப் பெண்கள் கேலி செய்தார்கள். "உன் ஊட்டுக்காரரு பாலியஸ்டரு கட்டுனாரா, பருத்தி கட்டுனாரான்னு ஊருக்கே சொல்லப்போறேன், இரு!" என்று பதிலடி கொடுத்தார்.

கொட்டகைக்குள் வெள்ளை மலை ஒன்று எழுந்தது. துவைத்து, உலர்த்தி, கரையை வெட்ட வீராயியும் கவிநிலாவும் இருந்தார்கள். வீராயி வயல் வேலையை விட்டு நகரத்துக்கு வந்தவர். எதற்கும் எளிதில் பயப்படுபவர். கவிநிலா இளம் தாய்; மழலை பேசும் தன் பெண்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருபவள்.

போகிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தபோது, ஏற்பாடுகளைப் பேசி முடிக்கத் தீபலட்சுமி காலையிலேயே நூற்பாலைக்குப் போயிருந்தாள். நண்பகலில் அவள் திரும்பியபோது கொட்டகையிலிருந்து மங்கலமான ஒரு வாசனை வந்தது. உள்ளே குஞ்சம்மாளோடு சேர்த்து மூவரும் பாட்டும் சிரிப்புமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் வெள்ளை மலை இல்லை. மஞ்சள் மலை இருந்தது.

"இன்னாக்கா இது?" என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். வீராயி எடுத்த ஒரு வேட்டியின் முனையில் முடிச்சு இருந்தது. அவிழ்த்தால் ஒரு பிடி அரிசி. "வாய்க்கரிசி! செத்தவன் துணி!" என்று அலறிக்கொண்டு அவர் எழுந்து வாசலுக்கே ஓடிவிட்டார். கவிநிலாவும் கத்தரிக்கோலைக் கீழே போட்டாள்.

அந்த நேரம் பார்த்து மூட்டையோடு வந்த குஞ்சம்மாளுக்கு அவமானம் பொறுக்கவில்லை. "சாவு ஊட்டுத் துணிய நான் தொடுவேனாடி? இது புழுங்கலரிசி, பாரு! வாய்க்கரிசிக்கு எவன்டி புழுங்கலரிசி போடுவான்?"

"பச்சரிசி கெடைக்காம போட்டிருப்பான்" என்றார் வீராயி, வாசலில் நின்றபடியே. "வெள்ள வேட்டியா இத்தினி எப்படி வந்துது? நான் தொட மாட்டேன், சாமி!"

"பொறந்த புள்ளையப் பழைய வேட்டியிலதானே சுத்துனே? அப்ப தொட்டியா இல்லியா?"

"அது எங்கப்பா வேட்டி. எங்கப்பா யாருன்னு எனக்குத் தெரியும். இது யாருதுன்னு உனக்குத் தெரியுமா?"

குஞ்சம்மாள் மூட்டை மூட்டையாகச் சேர்த்ததில் எது எந்த வீட்டுடையது என்று அவருக்கே தெரியாது. வேலையோ நின்றுபோயிருந்தது, நாளும் இல்லை. எனவே, தீட்டுக் கழிக்கும் வழியாகத் தமக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தார். அண்டாவில் தண்ணீர் பிடித்து, கடையிலிருந்த மஞ்சள்தூளையெல்லாம் வாங்கிவந்து கொட்டி, வேப்பிலைக் கொத்தைத் தோய்த்து மலை முழுவதும் தெளித்தார். தெளித்தது போதாதென்று தோன்றவே, மிச்சத்தை அப்படியே மேலே கவிழ்த்தார். வீராயிக்கு மனம் நிறைந்தது; வேலையும் குதிரை வேகத்தில் ஓடத் தொடங்கியது.

"தீட்டெல்லாம் போயிடுச்சி, தீபா! இனிமே ஒண்ணுமில்ல!" என்று பெருமையோடு நின்றவர், தீபலட்சுமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். "வெள்ளைதான் வேணும்னு சொன்னே, இல்ல?" என்று மெல்லக் கேட்டார்.

"வெள்ளை மட்டுந்தான்னு சொன்னேன்க்கா."

"இரு, இரு! ஒரு நிமிஷம்!" என்று குஞ்சம்மாள் பாய்ந்து ஒரு வேட்டியை உருவித் துணிசோப்புக் கரைசலில் முக்கினார். மஞ்சள் போகவில்லை. மாறாக, கண்முன்னே சரசரவென்று குங்குமச் சிவப்பாக மாறியது.

"ஐயையோ, ரத்தம்!" என்று வீராயி மறுபடியும் வாசலுக்கு ஓடினார்.

தீபலட்சுமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திருப்பூர்ப் பேருந்தின் ஜன்னலோரம் அவள் கண்ணில் தெரிந்தது. குஞ்சம்மாளோ சிவந்த வேட்டியை முறுக்கி முறுக்கிப் பிழிந்து பார்த்தார். சிவப்பு இறங்கவில்லை.

வழி சொன்னவள் கவிநிலாதான். "எதுக்குக்கா எல்லாரும் இடிஞ்சி போயிருக்கீங்க? மஞ்சக்கறைதானே! எங்க பாப்பா சட்டையில சாம்பார் ஊத்திக்காத நாளே கெடையாது. நல்லா அலசி வெயில்ல போட்டா வெளுத்துடும்."

எல்லாருக்கும் தெரிந்த செய்திதான் அது! பதற்றத்தில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. தீபலட்சுமி துள்ளி எழுந்தாள். அதே வேகத்தில் வெளியே போய் வானத்தைப் பார்த்தாள். அந்த ஆண்டு மார்கழியிலும் விடாத மழை மேகம் சாம்பல் பூசியதுபோல் கவிந்திருந்தது.

அன்று முழுவதும் அலசினார்கள்; சோப்புக் கை பட்டு இன்னும் சில வேட்டிகள் சிவந்தன. மறுநாளும் மேகந்தான். அதற்கு மறுநாள் காலையில் கடல் பக்கமிருந்து ஒரு கீற்று வெயில் விழுந்தது. பிறகு, யாரோ திரையை இழுத்ததுபோல் வானம் பளீரென்று திறந்துகொண்டது.

"வெயிலு! வெயிலு வந்துட்டுது!" என்று கத்தினாள் கவிநிலா.

வெயில் வந்தது, விரிப்பதற்கு இடம் எங்கே? கொட்டகை முற்றத்தில் இருபது வேட்டி விரித்தால் நிறைந்துவிடும். அதற்குள் குஞ்சம்மாள் மொபெட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். "இந்தத் தெருவுல என் குடத்துல தண்ணி புடிக்காத ஊடு எது? எல்லா மொட்டமாடியும் நம்முதுதான். மூட்டைய ஏத்துங்கடி!"

சாரத்துத் தெருக்கள் அன்று கண்ட காட்சியைப் பலரும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். குஞ்சம்மாள் வாசலுக்கு வாசல் நின்று கூவினார்: "மாடியக் குடு தாயே! இன்னிக்குப் பாத்திரமில்ல, வேட்டிதான்! காய காயத் தண்ணி தெளிச்சி, திருப்பித் திருப்பிப் போடணும்!" பெண்கள் முதலில் வியந்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு மாடிச் சாவியை எடுத்தார்கள். தீபலட்சுமி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படிப்படியாக ஏறி இறங்கினாள். சிறிது நேரத்தில் தெருவின் இரு பக்கமும் மாடிக்கு மாடி வேட்டிகள் படபடத்தன. மஞ்சள், இளமஞ்சள், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு!

"யாரும்மா எலெக்‌ஷன்ல நிக்கறது? எந்தக் கட்சிக் கொடி இது?" என்று கேட்டார் ஆட்டோவை நிறுத்திய ஓட்டுநர் ஒருவர்.

"என் கட்சி! சின்னம் குண்டான்! ஓட்டுப் போடு, போ!" என்றார் குஞ்சம்மாள்.

ஒரு மாடியில் வீராயி, தள்ளி நின்று இரண்டு விரலால் வேட்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கார அம்மாள் செல்வாம்பாள் வாளியோடு மேலே வந்தவர், ஒரு வேட்டியின் முன் நின்றுவிட்டார். "அடடே, இது எங்க ஊட்டு வேட்டியாச்சே! இந்தா, அயர்ன்பாக்ஸ் பட்டுக் கருகின எடம்! ஏம்மா, இதுல முடிஞ்சி வச்ச அரிசி என்னாச்சி? மாடியில புறாவுக்குப் போட முடிஞ்சி வச்சிருந்தேன், அவிழ்க்காமயே குஞ்சம்மாகிட்டக் குடுத்துட்டேன்."

வீராயியின் வாய் திறந்தபடியே இருந்தது. "அப்ப, உங்க ஊட்டுக்காரரு..."

"என்னங்க! கொஞ்சம் மேல வாங்க!"

கைலி கட்டிய பெரியவர் ஒருவர், தூக்கம் கலைந்த முகத்தோடு மாடிப்படியில் தலையை நீட்டினார். வீராயி அவரை நோக்கி இரு கைகளையும் கூப்பினார். "ஐயா, நீங்க உசுரோட இருக்கறது எனக்கு ரொம்ப சந்தோஷமுங்க!"

அவர் குழம்பிப்போய் மனைவியைப் பார்த்தார். அடுத்த மாடியிலிருந்து குஞ்சம்மாள் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. "வாய்க்கரிசின்னியே! ஆளையே காட்டிட்டேன் பாருடி!" அதன் பிறகு வீராயி இரண்டு விரலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வேட்டிகளை அள்ளினார்.

வெயில் வேலையைச் செய்தது. மறுநாளும் காய்ந்தது. மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்தது. மாலையில் கூட்டிவந்து குவித்தபோது பழைய பளிச்சென்ற வெண்மை இல்லாவிட்டாலும், பாலில் ஒரு சிட்டிகைக் குங்குமப்பூ கலந்ததுபோல் ஒரே சீரான நிறம் இருந்தது. சோப்பில் சிவந்தவற்றை மட்டும் ஒதுக்கினார்கள். கிழிக்கும் இயந்திரம் ஓய்வின்றி உறுமியது. பஞ்சு பொதிகளாயிற்று.

ஆலை மூடும் நாள் காலையில் பொதிகள் போய் இறங்கின. குஞ்சம்மாளும் கூடவே வந்தார். வர வேண்டாம் என்று சொல்லும் துணிவு ஒருவருக்கும் இல்லை. இராமதாஸ் ஒரு பிடி பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"வெள்ளைன்னு சொன்னேனேம்மா. இது ஒரு மாதிரி சந்தனமா இருக்குதே?"

தீபலட்சுமி பதில் தேடுவதற்குள் குஞ்சம்மாள் முன்னே வந்தார். "தப்பு என்னுதுங்க. மஞ்சத்தண்ணி ஊத்திட்டேன். இந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல. ஆனா, நீங்க பயந்தது கலர் இழைக்குத்தானே? பொதியக் கொட்டித் தேடிப் பாருங்க. ஒரு இழை கெடைச்சா, நானே தூக்கிக்கினு போறேன்."

இராமதாஸ் தேடினார். பொதிக்குப் பொதி கையை விட்டுப் பிரித்துப் பார்த்தார். புள்ளியாகத் தனித்துத் தெரியும் இழை எதுவும் இல்லை. "போடுங்க" என்றார்.

இயந்திரம் முழங்கத் தொடங்கியது. பஞ்சு பட்டையாகி, பட்டை வடமாகி, கடைசி வரிசைக்கு வந்தது. அங்கே சுழலும் கிண்ணங்களிலிருந்து முதல் இழை வெளியே வந்தபோது தீபலட்சுமி தன் கையைத் தானே இறுக்கிக்கொண்டாள். அடுத்த நொடி ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. இழை அறுந்துவிட்டது. ஒட்டினார்கள். இரண்டு விளக்குகள் எரிந்தன. பிறகு வரிசை முழுவதும் சிவப்பு. இராமதாஸின் கை நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போனது.

"சார், கொஞ்சம்!" என்று தீபலட்சுமி இயந்திர ஓசைக்கு மேல் கத்தினாள். "சிக்கிக்கல சார், அறுந்துதான் போவுது! கிழிச்ச பஞ்சுல இழை குட்டையா இருக்கும். உங்க புதுப் பஞ்சை இன்னும் கொஞ்சம் கூடக் கலந்து, வேகத்தைக் குறைச்சிப் பாருங்க! ஒரே ஒரு தடவை!"

அவர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், துடைப்பதற்காகத் துணியும் தூரிகையுமாகக் காத்திருந்த ஆள்களைப் பார்த்தார். பிறகு, கலவைப் பக்கம் கையசைத்தார்.

மறுபடியும் முழக்கம். மறுபடியும் இழை. ஒரு விளக்கு எரிந்தது, ஒட்டியதும் அணைந்தது. வேறெதுவும் எரியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் இழைகள் விறைத்து நின்று ஓடின. வெற்றுக் கூம்புகளில் சந்தன வெள்ளையாக நூல் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது!

"ஓடுது! தீபா, ஓடுதுடி!" என்று குஞ்சம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தார். தீபலட்சுமி அழுதாளா, சிரித்தாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. இராமதாஸ் முதல் கூம்பை எடுத்து அவள் கையில் வைத்து, "அடுத்தாப்ல எப்ப துடைக்கறோம்னு போன் பண்றேன்மா" என்றார். அவள் ஆலை வாசலிலேயே நின்று திருப்பூருக்குப் பேசினாள். வரவில்லை என்று சொன்னாள்.

நூல் தறிக்குப் போய்ப் பங்குனியில் துணியாக வந்தது. சற்றே கனமான, கைக்கு இதமான துணி. தடைகள் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. புல்வாருக்குள் ஒரு கடைக்காரர் மேசைவிரிப்புக்கென்று ஆர்வமாக எடுத்துக்கொண்டார். நேரு வீதியில் வேறொருவர் தடவிப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, எதிலிருந்து வந்தது என்று கேட்டதும், சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். கலப்புத் துணி மூட்டைகள் வழியின்றிக் கொட்டகை மூலையில் இன்னும் கிடந்தன. ஒன்று மட்டும் உறுதியாக நடைமுறைக்கு வந்திருந்தது: கொட்டகைக்குள் மஞ்சள் வரக் கூடாது. சாம்பார்ச் சோற்றையும் வாசலுக்கு வெளியில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். இந்தச் சட்டத்தை மீறுகிறார்களா என்று கண்காணிக்கும் பொறுப்பை வீராயி ஏற்றிருந்தார்.

தமிழ்ப் புத்தாண்டுக்கு முந்தைய நாள் குஞ்சம்மாள் வந்தார். வண்டியை உள்ளே விட்டுவிட்டு, அடுக்கியிருந்த துணிச்சுருளில் ஒன்றை மடியில் எடுத்து வைத்து, உள்ளங்கையால் தடவினார். வெகுநேரம் தடவினார். அவருடைய வைராக்கியம் தீபலட்சுமிக்குத் தெரியும். அதனால்தான், கொடுக்க ஆசை இருந்தும், இத்தனை நாள் அவள் வாய் திறக்கவில்லை.

"இதுல செல்வாம்பா ஊட்டுக்காரரு வேட்டியும் இருக்குமில்ல?" என்றார் குஞ்சம்மாள்.

"இருக்கும்க்கா."

"எங்க தெரு கோவிந்தராசு வேட்டி? பிள்ளைச்சாவடிக்காரங்களுது?"

"எல்லாரோடதும் இருக்கும். எது எங்கன்னுதான் சொல்ல முடியாது."

குஞ்சம்மாள் தலையை ஆட்டினார். சுருளைப் பிரித்து, ஒரு முனையைத் தம் தோளோடு சேர்த்துப் பிடித்து, இயந்திரத்தின் பளபளப்பான தகட்டில் தம்மைப் பார்த்துக்கொண்டார். கவிநிலா கத்தரிக்கோலை நிறுத்தினாள். வீராயியும் பார்த்தார்.

"நாளைக்கு வருசப் பொறப்பு. எனக்கொரு ரவிக்கைக்குத் துணி வெட்டு" என்றார்.

தீபலட்சுமி அளந்து, வெட்டி, மடித்து, இரு கைகளாலும் நீட்டினாள். குஞ்சம்மாள் வாங்கவில்லை. வாசலில் காவல் நிற்கும் வீராயியை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தார். பிறகு தீபலட்சுமியின் பக்கம் திரும்பி, அதட்டலும் வெட்கமும் கலந்த குரலில் கேட்டார்:

"அப்படியே குடுத்தா எப்படி? போயி கொஞ்சம் மஞ்சள் எடுத்தா. ஓரத்துல வச்சிக் குடு."